எட்டாம் நாள் வருகிறவர்

அவர் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசியதாக எனக்கு நினைவில்லை. வணக்கம் சொல்லும்போதுகூட அவருடைய பார்வை, எதிரில் நிற்பவரின் இடது தோளுக்கு நான்கு விரற்கடை கீழே போய் நிற்கும். சட்டைக்கை நீளமாக இருந்தால் அவருக்குப் பேச்சில் மனம் ஒட்டாது. அரைக்கைச் சட்டையோடு வந்தவரிடம் பிள்ளைகள், மழை, மிளகு விலை என்று எல்லாவற்றையும் விசாரிப்பார். பஸ்ஸில் ஏறினால் மேல் கம்பியைப் பிடித்து நிற்பவர்களின் அருகில்தான் போய் நிற்பார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றி மற்றவர்கள் உத்தியோகம் என்ன, காணி எவ்வளவு என்று பேசிக்கொண்டிருக்கையில் இவர், "ரெண்டு தழும்புதான் இருக்கு, ஆனா ரெண்டும் நல்லாப் பிடிச்சது," என்பார். பெண் வீட்டாருக்கு அது பாராட்டா குறையா என்று புரியாது.

மாத்தளையில் எங்கள் சுகாதாரக் கந்தோருக்கு அவர் மாற்றலாகி வந்தது, இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களுக்குப் பிறகு. நான் அங்கே பிரதம லிகிதர்; கடிதங்களும் கோப்புகளும் என் பொறுப்பு. புதிதாக வருகிற உத்தியோகத்தர் முதலில் இடமாற்றக் கடிதத்தைக் கொடுக்க வேண்டும். பிறகு பழைய கந்தோரின் விடுவிப்புக் கடிதம். பிறகு கடைசிச் சம்பளச் சான்று. அதன் பிறகுதான் உட்காரலாம். இவர் எதையும் நீட்டவில்லை.

"ஐயா, கையக் கொஞ்சம் காட்டுங்க," என்றார்.

கைரேகை பார்க்கிறவன் யாரோ உள்ளே நுழைந்துவிட்டான் என்று நினைத்துப் பியோனைக் கூப்பிட்டேன். பியோன் வருவதற்குள் அவர் என் சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டிவிட்டார்.

"நாலு தழும்பு. யாழ்ப்பாணத்துல, சின்ன வயசுல குத்துனதுங்களா?"

"ஓம்."

"நல்லாத்தான் பிடிச்சிருக்கு. ஆனா முப்பது வருசமாச்சே. ஒடம்புக்குள்ள இருக்கிற காவக்காரனுக்கும் மறதி வருமில்லீங்களா? இன்னொருக்கா குத்திக்குவம்."

அவருடைய கடிதங்களை நான் வாங்கிக் கோப்பில் போட்டபோது என் இடது கையில் குத்தியாகியிருந்தது. பதவியேற்பை இந்த ஒழுங்கில் நடத்தலாம் என்று அரசாங்க விதிகள் அடங்கிய தாபனக் கோவையில் எங்கும் சொல்லப்படவில்லை. முதலிலிருந்து கடைசிவரை தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அவருடைய வேலை பெரியம்மைக்குத் தடுப்புப் போடுவது. ஊரில் அதற்கு அம்மை குத்துவது என்று பெயர். அதனால் அவருக்கு அம்மைக்காரர் என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறொரு பெயர் இருந்தது. மாதாமாதம் அதை எழுதியவன் நான்தான். என்றாலும் இங்கே அது தேவையில்லை; அந்தப் பெயரால் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஒரு சைக்கிள். அதன் பின்னால் காக்கிப் பை. பைக்குள் ஒரு சவர்க்காரத் தகரம், ஊசி, ஸ்பிரிட் விளக்கு, ஒரு தெர்மோஸ் போத்தல். எல்லாரும் தேநீர் கொண்டுபோகும் அந்தப் போத்தலில் அவர் ஐஸ் கொண்டுபோவார். ஐஸுக்குள் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அம்மைப்பால் இருக்கும். "இது உசுருள்ள சரக்குங்க, வெயில் பட்டாச் செத்துரும்," என்று சொல்லி, மதியம் எங்கே சாப்பிட உட்கார்ந்தாலும் முதலில் போத்தலுக்கு நிழல் பார்ப்பார். தனக்கு நிழல் கிடைக்காத நாட்களில் வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

குத்துவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி உலர விடவேண்டும். ஸ்பிரிட் தடவினால் பாலும் சேர்ந்து செத்துவிடும். ஒரு துளி பாலை வைத்து, ஊசி முனையால் அதன்மேல் மெல்ல அழுத்த வேண்டும். காயும்வரை துடைக்கக் கூடாது. அவ்வளவுதான். வித்தை எட்டாம் நாளில் இருந்தது.

எட்டாம் நாள் அந்த வீட்டுக்குத் திரும்பப் போய், கொப்புளம் எழுந்து பால் பிடித்ததா என்று பார்த்து, பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் எழுத வேண்டும் என்பது விதி. எல்லாப் பகுதிகளிலும் எழுதினார்கள். யாரும் போகவில்லை. குத்திய அன்றே, அதே மையால், ‘பிடித்தது’ என்று எழுதிவிடுவது வழக்கம். மை வேறாக இருக்க வேண்டும் என்று தோன்றுமளவுக்கு நுட்பமானவர்கள் ஒரு சிலரே இருந்தார்கள்.

எங்கள் அம்மைக்காரர் போனார். இரத்தோட்டை மலைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். பல்லேபொலவில் வயல் வரம்பால் நடந்து போனார். போய்ப் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார். விளைவு, எங்கள் பதிவேட்டில் மட்டும் ‘பிடிக்கவில்லை, மறுபடி குத்தப்பட்டது’ என்று பக்கத்துக்குப் பக்கம் நின்றது. கொழும்பிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது: மற்றப் பகுதிகளில் இல்லாத தோல்வி உமது பகுதியில் மட்டும் ஏன்? நான் பதில் வரைந்தேன்: ‘இப்பகுதியில் மட்டும் போய்ப் பார்க்கப்படுவதால்.’ எங்கள் வைத்திய அதிகாரி அதை வெட்டிவிட்டு ‘காலநிலை காரணமாக’ என்று எழுதிக் கையொப்பமிட்டார். கொழும்பு திருப்தியடைந்தது.

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஒருமுறை தொழிலாளர் குடியிருந்த லயம் முழுவதற்கும் குத்திவிட்டு வந்தார். எட்டாம் நாள் போனால் ஒரு கையிலும் ஒன்றும் இல்லை. கொப்புளம் இல்லை, சிவப்புக்கூட இல்லை. பால் கெட்டுப்போனதோ என்று யோசித்துக்கொண்டு லயத்துக்குப் பின்பக்கம் போயிருக்கிறார். அங்கே நின்ற எலுமிச்சை மரத்தில் ஒரு காய் மிச்சமில்லை. அவர் சைக்கிள் வளைவு திரும்பும்வரை பொறுத்திருந்து, எல்லாரும் எலுமிச்சங்காயை, எங்கள் பேச்சில் தேசிக்காயை, அறுத்துக் கையில் தேய்த்துப் பாலைக் கழுவியிருக்கிறார்கள்.

மறுமுறை போகும்போது என்னையும் கூட்டிப் போனார். மறுப்பவர்களின் பெயரை எழுத ஒரு லிகிதர் வேண்டும் என்பது விதி. வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் எல்லாரும் நின்றார்கள். வயதான கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தி முன்னால் வந்தாள்.

"ஆத்தா வர்ற எடத்துல ஊசிய வெச்சா அவ கோவிச்சுக்க மாட்டாளா?"

"எதுக்குக் கோவிக்கிறா?" என்றார் அம்மைக்காரர். "‘தாயே, இந்த வீட்டுக்கு நீ ஏற்கனவே வந்துட்டுப் போயிட்டே’ன்னு கதவுல எழுதி வெக்கிறோம். அவளுக்கும் எத்தன வீடு இருக்கு, எங்க போனோம், எங்க போகலன்னு ஞாபகம் இருக்குமா? ஒரு அடையாளம் வேணுமில்ல?"

கிழவி யோசித்தாள். "அதுவும் நாயந்தான்," என்று கையை நீட்டினாள். அன்றைக்கு எனக்கு எழுத ஒரு பெயரும் கிடைக்கவில்லை. குத்திய கைகள் காயும்வரை அரைமணி நேரம் எல்லாரையும் களத்தில் நிற்கவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கணக்கப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தார். அவர் கையிலும் குத்தியிருந்ததால் அவராலும் போக முடியவில்லை.

மாத்தளை நகரத்தில், கடைத்தெருவுக்குப் பின்னாலிருந்த முஸ்லிம் வீடுகளில் பெண்களுக்குக் குத்தும்போது நடுவில் ஒரு திரை கட்டுவார்கள். திரையின் ஓரத்தால் ஒரு கை மட்டும் வெளியே வரும். வேறெந்த உத்தியோகத்தருக்கும் அது அசௌகரியம். இவருக்கு அதுவே முழு ஆள். ஒரு வீட்டில் முதல் கை வந்தது, குத்தினார். இரண்டாவதாக ஒரு வலது கை வந்தது. அதைப் பிடித்தபடி சற்று நேரம் இருந்துவிட்டு, "உம்மா, இது அதே ஆளோட மத்தக் கை," என்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "எப்பிடித் தெரியும்?"

"மொதக் கை நடுங்குன மாதிரியேதான் இதுவும் நடுங்குது. ஒரு மருமகளத்தான் ரெண்டு தரம் அனுப்பலாம். மூணாந்தரத்துக்குக் கைக்கு எங்க போவீங்க?"

உள்ளே நான்கைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வேறு வேறு கைகள்.

அவரைக் கோபப்படுத்த முயன்றவர்களும் உண்டு. கலேவெலவிலிருந்து ஒரு வெங்காய வியாபாரி கந்தோருக்கே வந்து சத்தம் போட்டார். நீங்கள் குத்தியும் மகனுக்கு அம்மை வந்துவிட்டதே, என்ன உத்தியோகம் பார்க்கிறீர்கள் என்று. அம்மைக்காரர் கலேவெலவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்திருந்தது கொப்புளிப்பான் என்கிற சின்னம்மை. "அது வேற களவாணிங்க," என்று வியாபாரியிடம் பொறுமையாகச் சொன்னாராம். "நாம காவக்காரனுக்குக் காட்டுனது பெரியம்மையோட மூஞ்சிய மட்டும். வர்ற போற எல்லாரையும் அவன் மறிப்பானா?"

இனி ஒரு கப்பல் விஷயத்துக்கு வருகிறேன்.

கடைத்தெருவில் மிளகு, கராம்பு, சாதிக்காய் மொத்தமாக வாங்கி விற்கும் முதலாளி ஒருவர் இருந்தார். ஐம்பது தாண்டியவர். ஹஜ்ஜுக்குப் போக ஐந்து வருடம் முயன்று, அந்த வருடம்தான் கப்பலில் இடம் கிடைத்திருந்தது. இடம் கிடைத்த அன்றே தெருவில் அவரை ஹாஜியார் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். "இன்னம் போகல்லயே," என்று சொல்லிக்கொண்டே அவரும் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தார்.

கப்பலில் ஏறப் பெரியம்மைத் தடுப்புச் சான்றிதழ் வேண்டும். இதில் இரண்டு வகை. சிறுவயதில் ஒருமுறை குத்தித் தழும்பு உள்ளவருக்கு மறுபடி ஒரு குத்து, அன்றே சான்றிதழ். உடம்பு பழைய பாடத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தால் போதும் என்பது கணக்கு. முதல்தடவை குத்திக்கொள்பவருக்கு அப்படி இல்லை. எட்டாம் நாள் பார்த்து, பிடித்தது என்று எழுதிய பிறகே சான்றிதழ். பிடிக்காவிட்டால் மறுபடி குத்து, மறுபடி எட்டு நாள். முதலாளி தழும்புள்ளவர். அதனால் நிதானமாக, கப்பலுக்கு எட்டு நாள் இருக்கையில் கந்தோருக்கு வந்தார்.

"தம்பி, ஒரு சின்ன வேல," என்றார் என்னிடம். "தழும்பு ஈக்கி. ஒரு குத்துக் குத்திக் கடதாசியத் தந்தா நான் போயிருவேன்."

தழும்பு இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டதால் நான் படிவத்தை எடுத்து என்னுடைய நல்ல கையெழுத்தில் நிரப்பத் தொடங்கினேன். அம்மைக்காரர் முதலாளியின் கையை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். பெருவிரலால் தழும்பைத் தடவினார். குனிந்து ஒரு பக்கமாகப் பார்த்தார்.

"இது எதால வந்ததுங்க முதலாளி?"

"எதால வார? அம்மை குத்தினதால வந்த."

"இல்லீங்க. இது கஜுப்பால்."

பச்சைக் கஜுக்கொட்டையின், அதாவது முந்திரிக்கொட்டையின், ஓட்டில் உள்ள பால் தோலில் பட்டால் வெந்துபோகும். ஆறினால் வட்டமாக ஒரு தழும்பு நிற்கும். அம்மை குத்துகிறவர் தெருவுக்கு வருவதற்கு முன்பே பிள்ளைகளின் கையில் அதை ஒரு பொட்டு வைத்துவிட்டு, ‘இதுக்குக் குத்தியாச்சு’ என்று காட்டி அனுப்பிவிடுகிற தாய்மார் அந்தக் காலத்து மாத்தளையில் இருந்தார்கள். நான் கேள்விப்பட்டிருக்கிறேன். கண்டதில்லை.

"என்ன செல்றீங்க நீங்க?" முதலாளிக்கு முகம் சிவந்தது.

"அம்மைத் தழும்பு குழிஞ்சிருக்கும். தையக்காரன் வெரல்ல மாட்டுற கூடு மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும். இது வழவழன்னு இருக்கு. அதோட இங்க கீழ பாருங்க, ஒரு வாலு. அம்மை வழியாதுங்க. கஜுப்பால்தான் வழியும்."

"எங்கட உம்மா அஞ்சு நேரம் தொழுற பொம்புள. அவ பொய்க்காரியா?"

நான் அம்மைக்காரரை அலுமாரிக்குப் பின்னால் கூட்டிப் போனேன்.

"ஐசே, படிவத்தில என்ன கேட்டிருக்கு? தழும்பு இருக்கோ எண்டு கேட்டிருக்கு. இருக்கு. என்னத்தால வந்தது எண்டு கேக்கிறதுக்கு அதில கட்டம் இல்லை."

"கட்டம் இல்லைன்னா அம்மை வராதுங்களா ஐயா?"

"அந்த மனிசன் அஞ்சு வருஷமாக் காத்திருந்தது. முதல்தடவை எண்டு எழுதினா எட்டு நாள். பிடிக்காட்டில் கப்பல் போயிடும்."

"பிடிக்காட்டி அவரு போகக் கூடாதுங்க. எத்தன தேசத்துக்காரங்க கூடுற எடம். ஒரு கப்பல் முழுக்க ஒருத்தர் மேல ஒருத்தரா படுத்துக் கெடப்பாங்க. இந்தக் கையோட அவர அனுப்புறது, வேலியத் தொறந்து வெச்சுட்டு எருமைக்கு வழி காட்டுற மாதிரி."

அம்மைக்காரர் சொல்லாமல் வைத்திய அதிகாரி கையொப்பமிட மாட்டார். நான் நிரப்பிய படிவத்தைக் கிழிக்க மனமில்லாமல் மேசை இலாச்சிக்குள் வைத்தேன்.

கடைசியில் மூவருமாக முதலாளியின் வீட்டுக்குப் போனோம். உம்மாவுக்கு எண்பது வயதிருக்கும். முற்றத்தில் பாய்விரித்துக் காயவைத்த கராம்பிலிருந்து காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். முதலாளி மெதுவாகத் தொடங்கினார்.

"உம்மா, இந்த ஆள் என்ட தழும்பப் பாத்து..."

"கஜுப்பால்," என்றார் உம்மா, தலையைத் தூக்காமல்.

"உம்மா!"

"என்னத்துக்குக் கத்துற? நான்தான் வெச்ச. ஒனக்கு மட்டுமா? ஏழு பேருக்கும்தான் வெச்ச. மத்தவங்க ஒழுங்கா இருந்த. நீதான் துள்ளின. அதுதான் வழிஞ்சி போன."

முதலாளி படியில் உட்கார்ந்துவிட்டார். அம்மைக்காரர் சட்டைப்பையிலிருந்து குறிப்பெழுதும் கொப்பியை எடுத்தார்.

"மத்த ஆறு பேரும் இப்ப எங்க இருக்காங்க உம்மா?"

"ஐசே," என்றேன் நான், "முதல்ல இவரின்ர விஷயத்தைப் பாரும்."

உம்மா காம்பு கிள்ளுவதை நிறுத்தியிருந்தார். "நான் சின்னப் புள்ளயா ஈக்கக்கொள எங்கட தெருவுக்கு ஒரு ஆள் வந்து குத்தின. ஒரே ஊசி. ஒரு புள்ளயோட கையில குத்தி, அந்தச் சீழ எடுத்து அடுத்த புள்ளக்கிக் குத்தின. என்ட தங்கச்சிக்குக் கை அழுகிப் போன. அவ பொழக்கல்ல. நான் கண்ணால கண்ட. அதுக்குப் பொறகு என்ட புள்ளையளத் தருவேனா?"

அம்மைக்காரர் வாதாடவில்லை. பையிலிருந்து ஸ்பிரிட் விளக்கை எடுத்து உம்மாவின் பாயோரத்தில் வைத்துக் கொளுத்தினார். ஊசியை அதில் சிவக்கக் காட்டினார். ஆறவிட்டார். கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்து உம்மாவின் கையில் கொடுத்தார்.

"ஒடச்சுப் பாருங்க. இன்னொருத்தர் கையில இருந்து வந்ததில்ல இது. அந்தக் காலத்துல செத்தது ஊசியோட அழுக்கால. பாலோட குத்தம் இல்ல. ஆனா ஒங்க தங்கச்சி செத்ததுக்கு அப்புறம் நீங்க பயந்ததுல ஒரு தப்பும் இல்ல உம்மா."

உம்மா குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். உடைக்காமல் திருப்பிக் கொடுத்தார். அன்று புதன்கிழமை. எங்கள் வழக்கப்படி குத்திய நாளையும் சேர்த்தால் எட்டாம் நாள் அடுத்த புதன். கப்பல் ஏறுவது வியாழன். இன்னொரு தடவைக்கு நாளில்லை. முதலாளி சட்டையைக் கழற்றினார்.

குத்திய துளி காயும்வரை பேசவேண்டுமே. முதலாளிதான் கேட்டார்: "மருந்து உள்ள போனா ஒடன வேல செய்யாதா? என்னத்துக்கு எட்டு நாள்?"

"இது மருந்தில்லீங்க முதலாளி. ஒங்க மிளகுக் களஞ்சியத்துக்கு ஒரு காவக்காரன் இருக்கான். புது ஆளு. ஊர்ல பெரிய களவாணி ஒருத்தன் இருக்கான், அவன் மூஞ்சி இவனுக்குத் தெரியாது. வந்தா சும்மா உள்ள விட்டுருவான். என்ன செய்யலாம்? அந்தக் களவாணிக்கு ஒரு சித்தப்பா மகன் இருக்கான். அதே மூக்கு, அதே மீச. ஆனா ஒழுங்காத் திருடத் தெரியாது. அவன மொதல்ல அனுப்புறோம். காவக்காரன் பிடிக்கிறான், கட்டிப் போடுறான், மூஞ்சிய நல்லாப் பாத்துக்கிறான். ஆள் சேக்கிறான், கம்பு வெட்டுறான். அதுக்கு எட்டு நாளாகும். கையில வர்ற கொப்புளம் அந்த அடிதடிதான். அப்புறம் நெசக் களவாணி வந்தா வாசல்லயே தெரிஞ்சுரும்."

பிற்காலத்தில் ஓய்வாக இருந்தபோது நூலகத்தில் வைத்தியப் புத்தகங்களில் இதைத் தேடிப் படித்தேன். மிகப் பெரிய சொற்களில் இதையேதான் சொல்லியிருந்தார்கள். மிளகு மட்டும் இல்லை.

அந்த ஒரு வாரம் மாத்தளைக் கடைத்தெருவில் நடந்ததை எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியாது. எட்டாம் நாள் மட்டும் போனால் போதும் என்பது விதி. அம்மைக்காரர் ஒவ்வொரு காலையும் போனார். வியாழன் ஒன்றும் இல்லை. வெள்ளி ஒன்றும் இல்லை. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தவர்கள் வரிசையாக நின்று முதலாளியின் கையைப் பார்த்தார்கள். ஐம்பது வருடம் அம்மைக்கு ஒளித்து வைக்கப்பட்ட மனிதர், ஒரு கொப்புளம் கேட்டு அல்லாஹ்விடம் மன்றாடினார். மிளகு வாங்க வந்தவர்கள் விலை கேட்பதற்கு முன் "பிடிச்சதா முதலாளி?" என்று கேட்டார்கள். முதலாளி கந்தோருக்கு ஆள் அனுப்பி, மற்றக் கையிலும் ஒன்று குத்தலாமா, காலில் குத்தலாமா என்று கேட்டார். "மூஞ்சி காட்ட ஒரு சித்தப்பா மகன் போதும், நாலு பேரு எதுக்கு, பொறுக்கச் சொல்லுங்க," என்று இவர் சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை காலை நானும் போயிருந்தேன். முதலாளியை வீட்டில் காணவில்லை. மிளகுக் களஞ்சியத்தின் கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு இருந்தார். நாங்கள் யாரென்று சொன்ன பிறகுதான் திறந்தார்.

"உம்மா தேசிக்காயோட தேடித் திரியிறா," என்றார் தாழ்ந்த குரலில். "‘சிவந்து வருது மகன், ஒருக்கா தேச்சி விடுறேன், ஒண்டும் ஆகாது’ எண்டு செல்றா."

"சிவந்து வருதா?" அம்மைக்காரர் கதவை முழுதாகத் திறந்து, கையை வெளிச்சத்துக்கு இழுத்தார். கடுகளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டு, கொஞ்சம் மேலெழும்பி நின்றது. இரண்டு பேரும் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த விதத்தில், பிறந்த குழந்தையைப் பார்க்கிறார்கள் என்று நினைக்கலாம்.

"இது... இதுதானா?"

"சொறிஞ்சு வந்ததாவும் இருக்கலாம். இன்னும் ரெண்டு நாள் போகட்டும்."

"ஒரு நல்ல வார்த்த செல்லுங்களேன் மனிசா!"

"எனக்குத் தெரியாததச் சொன்னா அது எப்படிங்க நல்ல வார்த்தையாகும்?"

திங்களன்று அந்தப் பொட்டு நீர் கோத்து, நடுவில் குழிந்து, முத்துப்போல் நின்றது. செவ்வாய் முதலாளிக்குக் காய்ச்சல். கை வீங்கி அக்குளில் நெறி கட்டியது. அவருடைய வீட்டிலிருந்து தெரு முழுவதற்கும் கோழிக் கஞ்சி போனது. காய்ச்சலுக்காக விருந்து வைத்த ஒரே வீடு அதுதான். நான் சந்தோஷமாகப் புதுப் படிவம் எடுத்து எல்லாவற்றையும் நிரப்பி, ‘பிடித்தது’ என்ற இடத்தில் மட்டும் அம்மைக்காரரின் கையொப்பத்துக்குக் காட்டினேன். நாளை விடிந்ததும் புறப்படலாமே.

"நாளைக்குத்தானுங்க எட்டாம் நாள்," என்றார்.

"ஐசே, ஊரே பாத்திட்டுது!"

"ஊரு பாத்தது ஏழாம் நாளு."

புதன் காலை ஆறு மணிக்கு அவர் முதலாளியின் கையைப் பார்த்தார். கொப்புளம் சீழ் பிடித்துத் திரண்டு, சுற்றிலும் ஓரங்குலத்துக்குச் சிவந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "பிடிச்சிருச்சு," என்றார். முதலாளி அவரைக் கட்டிப்பிடித்தார். வலது கையால் மட்டும். வைத்திய அதிகாரி முகத்தில் சவரச் சோப்போடு அவருடைய பங்களாப் படியில் நின்று கையொப்பமிட்டார். கந்தோர் முத்திரை வாசலைத் தாண்டக் கூடாது என்பது விதி; அதை என் கைக்குட்டையில் சுற்றி நானே கொண்டு போயிருந்தேன். அதைப் பற்றி யாரும் விளக்கம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காலநிலை என்று எழுதியிருப்பேன். முதலாளி ஸ்டேஷனுக்கு ஓடிக் கோச்சி பிடித்துக் கொழும்புக்குப் போனார். வியாழன் கப்பல் ஏறினார்.

மூன்று மாதத்துக்குப் பிறகு, இப்போது உண்மையிலேயே ஹாஜியாராகத் திரும்பி வந்தார். மிகவும் மெலிந்திருந்தார். அவரைப் பார்க்க நானும் அம்மைக்காரரும் ஒன்றாகப் போனோம். பேரீச்சம்பழமும் மக்காவிலிருந்து கொண்டுவந்த ஸம்ஸம் தண்ணீரும் தந்து எங்களைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லத் தொடங்கினார்.

"நடுக்கடல்ல ஒரு மனிசனுக்குக் காய்ச்சல். வழியில வேற துறைமுகத்தில ஏறின ஆள். மூணாம் நாள் முகமெல்லாம் பொரிஞ்சி போன. பெரியம்மை. அவர்ட பாய்க்கும் என்ட பாய்க்கும் எடையில ஒரு தலகாணிதான். நான் அவருக்குத் தண்ணி பருக்கியும் ஈக்கிறேன். எனக்கு ஒரு தலவலிகூட வரல்ல." தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். "அவர் மௌத்தாப் போன. கடல்லதான் அடக்கின."

அம்மைக்காரர் கையிலிருந்த பேரீச்சம்பழத்தைத் தட்டில் திருப்பி வைத்தார்.

"கரைக்குப் போனதும் அந்த ஊர் டாக்டர் ஒருத்தர் கப்பலுக்கு ஏறினார். எல்லாரையும் வரிசையா நிப்பாட்டினார். நான் நீங்க தந்த கடதாசிய நீட்டினேன் தம்பி." என்னைப் பார்த்தார். "அல்லாஹ்வே, அங்க என்ன சூடு! அந்த மனிசன் அத வாங்கி விசிறிக்கிட்டார்."

"விசிறினாரோ?"

"விசிறிக்கிட்டே கையப் பாத்தார். பொருக்கு விழுந்து புதுத் தழும்பு செவந்து ஈந்த. போ எண்டு தலையாட்டினார். கடதாசி மட்டும் வெச்சிருந்த ஆக்கள், கையில ஒண்டும் இல்ல, அவங்களத் தனியாக் கூடாரத்தில வெச்சாங்க. பதினாலு நாள். கடதாசியக் காட்டிக் காட்டி அழுதாங்க. அறபா வெளியில நிக்கிற நாள் அவங்களுக்குத் தப்பிப் போன, அது இல்லாட்டி ஹஜ்ஜே இல்ல. நான் நின்டேன் அங்க. அந்த வெளியில, அந்த வெயிலில, நான் நின்டேன்." அம்மைக்காரரின் கையை எடுத்து இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். அம்மைக்காரர் அதை எப்படித் திருப்பி வாங்குவது என்று தெரியாமல் விழித்தார்.

திரும்பி வருகையில் எனக்கு அந்தக் காகிதமே நினைவாக இருந்தது. அந்தச் சான்றிதழை நான் புது முனை போட்ட பேனாவால் எழுதியிருந்தேன். பெயரில் ஓர் எழுத்துச் சரியவில்லை. முத்திரை கோணாமல் குத்தியிருந்தேன். சவரச் சோப்பு ஒரு துளி விழுந்ததைக்கூட ஒற்றுத்தாளால் தடம் தெரியாமல் எடுத்திருந்தேன். நாடு கடந்து போன என்னுடைய ஒரே எழுத்து அதுதான்.

அம்மைக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தார். மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டியதும் நின்றார். அவருக்குக் கேலி செய்யத் தெரியாது; எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று வெகுநேரம் யோசித்துத்தான் அதைச் சொன்னார்:

"விசிறுறதுக்கும் நல்ல கெட்டியான காகிதம் வேணுமில்லீங்களா, ஐயா."